பாராளுமன்றத்தில் ஒரு கணக்கர்: இரா. செழியன்

அரசியலில் ஈடுபட்ட ஒருவரைப் பற்றிப் பேச்செழுந்தால், "அவர் எந்தப் பதவியில் இருந்தார்?" என்று கேட்பதே நம்மில் பலரின் வழக்கம். அமைச்சர், முதலமைச்சர், ஆளுநர் என்று விடை வந்தால் தலையசைக்கிறோம். "பாராளுமன்ற உறுப்பினராக மட்டும் இருந்தார்" என்று விடை வந்தால், அந்த 'மட்டும்' என்னும் சொல்லிலேயே அவரை மறந்துவிடுகிறோம். இம்மனப்பான்மை சரியானதுதானா? ஆட்சிப் பொறுப்பு ஒருநாளும் கைக்கு வராமலே, ஏறக்குறைய இருபதாண்டுக் காலம் இரண்டு அவைகளிலும் அமர்ந்து நாட்டுக்குத் தொண்டாற்றிய தமிழர் ஒருவரின் வாழ்க்கையைக் கொண்டு இதனை ஆராய்வோம். அவர் பெயர் இரா. செழியன்.

அவரைப் பற்றிக் கூறுமுன், திருவண்ணாமலையில் வாழும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1949-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகம், 1957-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில்தான் முதன்முதலாகப் போட்டியிட்டது. அத்தேர்தலில் அக்கட்சியினர் இருவர் மக்களவைக்குச் சென்றனர். ஒருவர் நாமக்கல் தொகுதியில் வென்ற ஈ.வெ.கி. சம்பத். மற்றொருவர் நம் திருவண்ணாமலைத் தொகுதியில் வென்ற இரா. தருமலிங்கம். 494 இடங்கள் கொண்ட அவையில் இருவர்! ஒரு பெரிய வகுப்பின் கடைசி வரிசையில் புதிதாகச் சேர்ந்த இரு மாணவர்கள் அமர்ந்திருப்பதைப் போன்றது அவர்கள் நிலை. ஆயினும், எண்ணிக்கை குறைந்தவர்களின் குரலும் தலைநகரில் ஒலிக்கலாம் என்னும் வழியைத் திறந்துவைத்த ஊர்களுள் நம் ஊரும் ஒன்றாயிற்று. அடுத்து 1962-இல் நடைபெற்ற தேர்தலில் அவ்விருவர் எழுவராயினர். அந்த எழுவருள் ஒருவராகப் பெரம்பலூர்த் தொகுதியிலிருந்து சென்றவரே செழியன்.

செழியன் 1923-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள், அந்நாளைய தஞ்சை மாவட்டத்துத் திருக்கண்ணபுரத்தில் பிறந்தார். ஆழ்வார்களால் பாடப்பெற்ற பெருமை வாய்ந்தது அவ்வூர். அவருக்கு மூன்றாண்டு மூத்தவர் நாவலர் நெடுஞ்செழியன். உடன்பிறந்தார் இருவரும் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர்கள். தமிழுணர்ச்சியும் சீர்திருத்த எண்ணமும் மாணவர் உள்ளங்களில் பொங்கி எழுந்த காலம் அது. அண்ணன் தமிழ் பயின்று மேடையில் முழங்கினார். தம்பி கணிதம் பயின்றார். இந்த வேறுபாட்டை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அண்ணன் பலமுறை அமைச்சராக இருந்து, இருமுறை இடைக்கால முதலமைச்சராகவும் பொறுப்பேற்றார். தம்பியோ ஒருமுறைகூட அமைச்சராகவில்லை. எனினும், கணிதம் பயின்றவருக்கு இயல்பாகவே அமையும் ஒரு குணம் அவரிடம் நிலைத்து நின்றது. எந்த விடையையும் வழிமுறையோடு சரிபார்க்காமல் ஏற்றுக்கொள்ளாத குணம் அது.

1962 முதல் 1967 வரை பெரம்பலூருக்கும், 1967 முதல் 1977 வரை கும்பகோணத்துக்கும் அவர் மக்களவை உறுப்பினராக இருந்தார். பின்னர் 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையில் அமர்ந்தார். தி.மு.க.வில் வளர்ந்த அவர், 1977-இல் அக்கட்சியிலிருந்து விலகி ஜனதாக் கட்சியில் சேர்ந்தார். கட்சி மாறிற்று, அவை மாறிற்று. ஆனால் அவர் கையாண்ட கருவிகள் மாறவில்லை. அக்கருவிகள் யாவை என்பதை இனி விளக்குவோம்.

முதற் கருவி கேள்வி. மக்களவை கூடும் நாள்களில் முதல் ஒரு மணி நேரம் கேள்விகளுக்கென ஒதுக்கப்பட்டது. உறுப்பினர் தம் கேள்வியைக் குறைந்தது பதினைந்து நாள்களுக்கு முன் எழுத்து வடிவில் அளிக்க வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாய்மொழியாக விடை கூறுவார். குறியிடாத கேள்விக்கு எழுத்தால் விடை வரும். நாளொன்றுக்கு இருபது கேள்விகளுக்கே நட்சத்திரக் குறி கிடைக்கும். முன்கூட்டி எழுதிக்கொடுத்த கேள்விக்கு, முன்கூட்டி எழுதிவைத்த விடையைப் படிப்பதில் என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல ஐயம். முதற் கேள்வியன்று, அதன்பின் எழும் துணைக் கேள்விதான் கூர்மையானது. துணைக் கேள்வி எழுதித் தரப்படுவதில்லை; அமைச்சர் கூறிய விடையிலிருந்தே அது பிறக்கிறது. விடையைக் கவனமாகக் கேட்டு, அதில் விடுபட்டது எது என்று கண்டவரே துணைக் கேள்வி கேட்க இயலும். வகுப்பறையிலும் இதனைக் காணலாம். பாடம் முடிந்ததும் கைதூக்கும் மாணவரைவிட, ஆசிரியர் கூறிய விடைக்குப் பின்னர், "அப்படியானால்..." என்று தொடங்கும் மாணவரே பாடத்தை உண்மையில் கேட்டவர் என்பது என் முப்பதாண்டு ஆசிரிய வாழ்வில் நான் கண்டது.

இரண்டாவது கருவி சொல். சட்டம் என்பது சொற்களால் ஆயது. 1963-இல் ஆட்சிமொழிச் சட்டம் அவையின் முன் வந்தபோது, செழியன் அங்கே உறுப்பினராக இருந்தார். இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரையில் ஆங்கிலம் நீடிக்கும் என்று 1959-இலேயே பிரதமர் நேரு அவையில் உறுதி அளித்திருந்தார். ஆனால் சட்டத்தின் மூன்றாம் பிரிவோ, 1965-க்குப் பின்னர் ஆங்கிலம் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம் என்றுதான் கூறிற்று. 'படலாம்' என்பது வேறு. 'படவேண்டும்' என்பது வேறு. முன்னது இசைவு, பின்னது கடமை. இவ்வொரு சொல்லின் வேறுபாட்டைத் தமிழகத்து உறுப்பினர்கள் பெரிதாக எடுத்துக்காட்டியபோது, வீண் ஐயம் என்று அதனைத் தள்ளியவர்கள் இருந்தனர். 1965-இல் தமிழகத்தில் மாணவர் கிளர்ச்சி மூண்டு உயிர்கள் பல மாய்ந்தன. அதன்பிறகே, 1967 இறுதியில், அச்சட்டம் திருத்தப்பட்டு உறுதிமொழிக்குச் சட்ட வலிமை தரப்பட்டது. அவையில் கேட்கப்பட்ட ஐயத்தை அன்றே தீர்த்திருந்தால், தெருவில் அவ்வளவு துன்பம் நேர்ந்திருக்குமா என்பதை வரலாறு பயிலும் மாணவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

மூன்றாவது கருவி கணக்கு. செழியனின் தனிச்சிறப்பு இங்கேதான் விளங்குகிறது. அரசு செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் பாராளுமன்றத்தின் இசைவு பெற்றே செலவிடப்பட வேண்டும் என்பது நம் அரசியலமைப்பின் விதி. வரவுசெலவுத் திட்டத்தை நிறைவேற்றுவதோடு அவ்வுரிமை முடிந்துவிடுவதில்லை. "இன்ன காரியத்துக்கென்று நாங்கள் இசைந்த பணம், அக்காரியத்துக்குத்தான் செலவாயிற்றா? மிகுதியாகச் செலவாயிற்றா? வீணாயிற்றா?" என்று செலவான பின்னரும் கேட்கும் உரிமை அவைக்கு உண்டு. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கணக்குகளை ஆராய்ந்து அறிக்கை தருகிறார். அவ்வறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அரசின் துறைச் செயலாளர்களை அழைத்து விசாரிப்பதே பொதுக் கணக்குக் குழுவின் பணி. 1921-இல் தொடங்கிய இக்குழுவில் இன்று இருபத்திரண்டு உறுப்பினர் உள்ளனர். மக்களவையினர் பதினைவர், மாநிலங்களவையினர் எழுவர். அமைச்சர் எவரும் இதில் இடம்பெறலாகாது. காரணம் வெளிப்படை, செலவிட்டவரே தம் செலவைத் தாமே சரிபார்த்தல் தகாதன்றோ?

இங்கிலாந்தில் இத்தகைய குழு 1861-இல் ஏற்பட்டது. எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரே அதற்குத் தலைவராதல் அங்கு மரபு. நம் நாட்டில் 1967 வரையில் ஆளுங்கட்சியினரே தலைவராக இருந்து வந்தனர். அவ்வாண்டில்தான் சுதந்திரக் கட்சியைச் சேர்ந்த மினு மசானி தலைவராகி, எதிர்க்கட்சியினருக்கு இப்பொறுப்பை அளிக்கும் மரபு தோன்றிற்று. அவருக்குப் பின் வாஜ்பாயும், அவரைத் தொடர்ந்து 1971 முதல் 1973 வரை இரா. செழியனும் தலைவராக விளங்கினர். 1971-ஆம் ஆண்டுத் தேர்தலில் தி.மு.க. இந்திரா காந்தி அம்மையாரின் காங்கிரசோடு உடன்பாடு கொண்டிருந்தது. தேர்தல் களத்தில் தோழமை கொண்ட கட்சியின் அரசையே கணக்குக் கேட்கும் இடத்தில் அவர் அமர நேர்ந்தது. நட்பு வேறு, கணக்கு வேறு என்னும் தெளிவு இல்லாதவர் இப்பொறுப்புக்குத் தகுதியாகார்.

இக்கருத்து மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்று எண்ணிவிட வேண்டா. நம் ஊருக்கு வடகிழக்கே, காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முற்பட்டவை அவை. குடவோலை முறையில் வாரியத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளை அவை விரித்துரைக்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரின் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவர்தம் நெருங்கிய உறவினர் பெயரையும் இடலாகாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. கணக்குக் காட்டாதவனுக்குப் பதவியில்லை என்று கல்லில் வெட்டிவைத்த மரபு நம்முடையது. பொதுக் கணக்குக் குழுத் தலைவரின் இருக்கையில் தமிழர் ஒருவர் அமர்ந்தது, அம்மரபின் தொடர்ச்சியே எனலாம்.

இனி, இக்கருவிகள் அனைத்தும் செயலற்றுப்போன காலத்தைக் காண்போம். 1975-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் இரவு நாடெங்கும் உள்நாட்டு நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறைப்பட்டனர். நாளேடுகள் தணிக்கைக்கு உள்ளாயின. ஜூலைத் திங்களில் பாராளுமன்றம் கூடியபோது, கேள்வி நேரமே நிறுத்திவைக்கப்பட்டது. அவையில் பேசியதை அச்சிட்டு வெளியிடும் நாளேடுகளுக்குப் பாதுகாப்பளித்து 1956-இல் இயற்றப்பட்ட சட்டமும் அவ்வாண்டு டிசம்பரில் நீக்கப்பட்டது. ஆகவே, உறுப்பினர் பேசினாலும் அப்பேச்சு நாட்டு மக்களின் செவிக்கு எட்டவில்லை. நெருக்கடி நிலையை எதிர்த்த கட்சிகளுள் தி.மு.க.வும் ஒன்று. அக்கட்சியின் உறுப்பினராய் அந்நாள்களில் மக்களவையில் இருந்தவர் செழியன். 1976 ஜனவரி 31-இல் தமிழகத்தில் அக்கட்சியின் அரசும் கலைக்கப்பட்டது.

மாணவர்கள் இங்கே ஓர் உண்மையைக் கவனித்தல் வேண்டும். பாராளுமன்றக் கட்டிடம் அன்றும் இருந்தது. உறுப்பினர் வந்தனர், வாக்களித்தனர், சட்டங்கள் நிறைவேறின. வெளியிலிருந்து நோக்குவோர்க்கு யாவும் வழக்கம்போலவே தோன்றின. இல்லாமற்போனது ஒன்றே ஒன்று, அதுதான் கேள்வி. கேள்வி நீங்கியதும் அவை வெறும் கூட்டமாய் நின்றது. இடித்துரைக்கும் துணையில்லாத அரசு, பகைவர் எவரும் முயலாமலே தானாகக் கெட்டுப்போகும் என்று வள்ளுவர் கண்ட நுட்பம், அந்த இருபத்தொரு மாதங்களில் நம் கண்முன்னே மெய்ப்பிக்கப்பட்டது.

1977 மார்ச்சில் தேர்தல் நடந்து ஆட்சி மாறிற்று. நெருக்கடி நிலைக் காலத்தில் நிகழ்ந்த அத்துமீறல்களை ஆராய, உச்சநீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. முறையற்ற கைதுகள், பத்திரிகைத் தணிக்கை, தில்லியில் வீடுகள் இடிக்கப்பட்டமை, கட்டாயக் குடும்பக் கட்டுப்பாடு ஆகியவற்றை ஆராய்ந்து, 1978-ஆம் ஆண்டில் மூன்று பகுதிகளாக அது அறிக்கை அளித்தது. 1980-இல் ஆட்சி மீண்டும் மாறியபின், அவ்வறிக்கையின் படிகள் புழக்கத்திலிருந்து மறைந்துபோயின. தேடுவோர்க்கு அது கிடைத்தற்கரிய பொருளாயிற்று.

இதற்கிடையே செழியனின் தேர்தல் வாழ்க்கையும் முடிவை நெருங்கியது. 1984-ஆம் ஆண்டு தென்சென்னைத் தொகுதியில் ஜனதாக் கட்சி வேட்பாளராக நின்ற அவர், காங்கிரஸ் வேட்பாளராக நின்ற புகழ்பெற்ற திரைப்பட நடிகை வைஜயந்திமாலாவிடம் தோல்வியுற்றார். கணக்கறிக்கைகளைப் புரட்டி வாழ்ந்தவரை எத்தனை வாக்காளர் அறிந்திருப்பர்? வாக்காளரைக் குறைகூறுவதற்காக இதனைச் சொல்லவில்லை. மக்கள் தீர்ப்பு மக்கள் தீர்ப்பே. பாராளுமன்றத்தின் அரிய பணிகள் பெரும்பாலும் குழு அறைகளில், கைதட்டுவோர் இல்லாத இடத்தில் நடைபெறுகின்றன. ஆகவே, அவற்றைச் செய்பவருக்குப் புகழும் வாக்கும் அவற்றால் வந்து சேர்வதில்லை. இது மக்களாட்சியின் தீராத இடர்ப்பாடுகளுள் ஒன்று.

தோல்வியோடு அவர் பணி ஓய்ந்துவிடவில்லை. 2010-ஆம் ஆண்டில், தமது எண்பத்தேழாம் அகவையில், தம்மிடமிருந்த படியைக் கொண்டு ஷா விசாரணைக் குழுவின் அறிக்கையைச் சென்னையிலிருந்து ஆங்கில நூலாக மீண்டும் வெளிக்கொணர்ந்தார். தொலைந்து மீண்டது என்னும் பொருளையே அந்நூலின் தலைப்பிலும் அமைத்தார். நம் அருணாசலேசுவரர் கோயிலின் சுவர்களைப் பார்த்திருப்பீர்கள். யார், எதற்காக, எவ்வளவு கொடுத்தார் என்பதைக் கல்லில் வெட்டிவைத்திருக்கின்றனர். வெட்டியவர் மறைந்தார், வெட்டுவித்த அரசும் மறைந்தது, ஆவணம் நின்றது. நூற்றாண்டுகள் கழித்து வரலாறு எழுதுவோர் அதனைப் படித்தே உண்மை காண்கின்றனர். முதியவர் ஒருவர் தம் அலமாரியில் காத்துவைத்த அறிக்கையும் அத்தகைய கல்வெட்டே. பதவியால் செய்ய முடியாததைப் பாதுகாத்துவைத்த ஏடு செய்தது.

அவருடைய கருத்துகளுள் இன்றைய மாணவர்கள் சிந்திக்கத்தக்க மற்றொன்றும் உண்டு. 1993 டிசம்பரில் பாராளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. உறுப்பினர் பரிந்துரைக்கும் பணிகளுக்கென ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்கப்படுகிறது. முதலில் ஐந்து இலட்சமாக இருந்த அத்தொகை பின்னர் ஒரு கோடியாகவும், இரண்டு கோடியாகவும் வளர்ந்து, 2011-12 முதல் ஐந்து கோடி ரூபாயாயிற்று. பேருந்து நிழற்குடைகளிலும் பள்ளிக் கட்டிடங்களிலும் உறுப்பினர் பெயர் எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறீர்கள். பயனுள்ள பணிகள்தாமே, இதில் குறை என்ன என்று தோன்றும். செழியன் இத்திட்டத்தைக் கண்டித்து நூலே எழுதினார். செலவைத் தணிக்கை செய்ய வேண்டியவர் செலவிடுபவராக மாறிவிட்டால், கணக்குக் கேட்பவர் யார் என்பதே இத்திட்டத்தைப் பற்றி எழும் அடிப்படைக் கேள்வி. நிழற்குடையை ஊராட்சியோ நகராட்சியோ அமைக்கலாம். அமைச்சரைக் கேள்வி கேட்கும் பணியை உறுப்பினர் ஒருவரே செய்ய இயலும். இக்கருத்தை எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஒதுக்குப்புறச் சிற்றூர்களுக்குச் சிறு உதவியேனும் விரைந்து கிடைக்கிறது என்று வாதிடுவோரும் உளர். இரு பக்கத்தையும் ஆராய்ந்து முடிவு காண்பது உங்கள் கடமை.

தம் இறுதிக் காலத்தை அவர் வேலூரில் கழித்தார். நம் மாவட்டத்து வந்தவாசித் தொகுதியிலிருந்து 1967-இலும் 1971-இலும் மக்களவைக்குச் சென்ற கோ. விசுவநாதன் நிறுவிய வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தோடு தொடர்புகொண்டு, இளைஞரிடையே வாழ்ந்தார். 2017-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள், தமது தொண்ணூற்று நான்காம் அகவையில் அங்கேயே மறைந்தார்.

இளைஞர்களே, பதினெட்டு வயது நிறைந்ததும் உங்கள் கைக்கு வாக்குரிமை வருகிறது. திருவண்ணாமலை மக்களவைத் தொகுதி இடையில் பல ஆண்டுகள் இல்லாதிருந்து, தொகுதிச் சீரமைப்புக்குப் பின் 2009 முதல் மீண்டும் இருந்து வருகிறது. உங்களிடம் வாக்குக் கேட்டு வருபவரிடம், "எங்கள் தெருவுக்கு என்ன செய்வீர்?" என்று நீங்கள் கேட்பது இயல்பு, கேளுங்கள். அதனோடு, "அவையில் எத்தனை நாள் அமர்வீர்? எதைப் பற்றிக் கேள்வி எழுப்புவீர்? எந்தக் குழுவில் உழைப்பீர்?" என்றும் கேளுங்கள். அவையின் கேள்விகளும் விடைகளும் உறுப்பினர் வருகையும் இன்று எவரும் பார்க்கக்கூடிய பதிவுகளாக உள்ளன. அவற்றைப் பார்த்துத் தீர்ப்பளிக்கும் வாக்காளர் பெருகினால், கணக்கறிக்கையைப் புரட்டும் உறுப்பினருக்கும் வாக்குக் கிடைக்கும். எதிர் வரிசையில் அமர்ந்து கேள்வி கேட்பவர் ஆட்சிக்குப் பகைவரல்லர். கணக்கைத் திருத்தித் தரும் நண்பர். அவரைப் போற்றக் கற்ற நாட்டில்தான் மக்களாட்சி வேரூன்றி நிற்கும்.